முந்தி ஊதிய போர்க்கொம்பு

மேடை நிர்வாகியாக நான் வேலை பார்த்த கடைசி நாடகத்தில், ரோமானியப் படையை எதிரி தாக்குவதற்கு முன் நான் தாக்கிவிட்டேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சிறிய அரங்கம். ஞாயிறு மதியக் காட்சி.

நாடகத்தில் இரண்டு தளபதிகள். மூத்தவர் மலையை விட்டு இறங்க மாட்டார். இளையவர் ஆற்றைக் கடந்து தாக்கத் துடிப்பார். பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு படையை இரண்டாகப் பிரிப்பார்கள். பிரிந்ததாலேயே இருவரும் அழிவார்கள்.

மூத்தவராக நடித்தவர் ரஹ்மான் பாய், தஞ்சோங் பகாரில் வழக்கறிஞர். தம் வசனத்தில் ஒரு சொல்லைக்கூட வெட்ட விடமாட்டார். இளையவராக நடித்தவர் கதிர், ஜூரோங் கப்பல் பட்டறையில் பொறியாளர். விடைபெறும்போது மண்டியிடச் சொன்ன இயக்குநரிடம், "அவர் முன்னாடி முட்டி போடவா? சான்ஸே இல்ல லா!" என்று மூன்று வாரமாக மறுத்துவந்தார். மேடைக்கு வெளியே இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

என் மேசையில் பானங்கள் கூடாது என்ற அறிவிப்பில் இருந்தது என் கையெழுத்து. அன்று, நான் ஓய்வு பெறுகிறேன் என்று யாரோ மரியாதையாகக் கோப்பி வாங்கி வந்தார்கள். குடித்தேன். சிந்தியதில், எந்த வசனத்தில் எந்த ஒலி என்று குறித்துவைக்கும் பிராம்ப்ட் புக்கின் தாள்கள் ஒட்டிக்கொண்டது தெரியவில்லை. வாக்குவாதம் தொடங்கியதுமே ஹெட்செட்டில் ஒலிக்காரரிடம் முறைப்படி "ஸ்டாண்ட்பை" சொன்னேன். முறைப்படி "கோ" சொன்னேன். நான்கு பக்கம் முந்தி எதிரியின் போர்க்கொம்பு முழங்கியது.

படை இன்னும் பிரியவில்லை. பிரியாவிட்டால் மீதிக் கதை இல்லை. எனக்குத் தெரிந்த எந்தச் செயல்முறையிலும் இதற்கு வழி இல்லை.

ரஹ்மான் பாய் கொம்பு வந்த திசையைப் பார்த்தார். "பேச நேரமில்லை. பாதிப் படை உன்னுடையது. போ!"

நான்கு பக்க வசனத்தை அப்படியே விட்டுக்கொடுத்தார். கதிர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு மண்டியிட்டார். அரங்கில் யாரோ விம்மினார்கள்.

காட்சி முடிந்து ஷோ ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். தவறு யாருடையது என்று அதில் ஒரு கட்டம் உண்டு.

"என் பேரப் போடுங்கண்ணே. வசனம் மறந்துட்டேன்னு எழுதுங்க," என்றார் ரஹ்மான் பாய்.

"நீங்க மறந்தீங்கன்னா எவன் பாய் நம்புவான்? என் பேரப் போடுங்கண்ணே," என்றார் கதிர்.

"இதுலயும் போட்டிக்கு வர்றியா தம்பி?"

மூன்று வாரத்தில் அவர்கள் வசனமில்லாமல் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை.

என் பெயரையே எழுதினேன். காரணம்: கோப்பி.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களே, கோப்பியை வெளியே குடியுங்கள். மீறிக் குடிப்பதானால் நடிகர்களிடம் முன்கூட்டியே நல்லபடி நடந்துகொள்ளுங்கள். நான் நடந்துகொண்டதில்லை. ஒத்திகைக்குத் தாமதமாக வந்ததாக அந்த இருவர்மீதும் மும்மூன்று முறை ரிப்போர்ட் எழுதியிருந்தேன். அது இருவருக்கும் தெரியும்.