தும்பை வேது

சுனாமிக்கு அடுத்த வருஷம் என் கணவருக்கு இருமல் பிடித்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அவருக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் ஓரங்களைத் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். சாயங்காலம் புருவம் வரை வெளுத்துப்போய் வருவார்.

சளி என்று நான்தான் முடிவு செய்தேன். சளிக்குத் தும்பை வேது பிடித்தால் போதும் என்பதில் எனக்கு அப்படியொரு பிடிவாதம். பட்டறைக்குப் பின்னால் உடைசல் கொட்டுகிற மேட்டில் தும்பை கேட்பாரற்று மண்டிக் கிடந்தது. பூவும் இலையுமாக ஒடித்து வந்து அலசுவேன். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். இலையிலேயே இவ்வளவு தூசு என்றால் அவர் நெஞ்சில் எவ்வளவு இருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தேனா? இல்லை. கொதிக்கிற பானையை முன்னால் வைத்து, அவரைப் போர்வையால் மூடி, "நல்லா இழுங்க" என்று அதட்டுவேன்.

நல்லூரில் அவருடைய அண்ணன் குத்தகைக்குக் கரும்பு போட்டிருந்தார். கூட வந்து பாடுபடச் சொல்லி ஆள் விட்டார்.

"தூசு ஒத்துக்கலடி. போயிடலாமா?" என்றார் இவர்.

"சளிக்குப் போயி யாராவது வேலய வுடுவாங்களா? நாலு நாளு வேது புடிச்சா ஓடிப்போயிடும்" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். கரும்புச் சோகையில் கை கிழியக் கிழியப் பாடுபட்டு வளர்ந்தவள் நான். அந்த வயலுக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை. அவர் பட்டறைக்கே போய்வந்தார். மூன்று வருஷம் வேது பிடித்தார்.

கடலூரில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், நுரையீரலில் மண் தூசு இறங்கிவிட்டது, இனி வெளியே வராது என்றார். "ஆரம்பத்துலயே வேலய விட்டிருக்கலாமே. சளின்னு யாரு சொன்னது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "நானா நெனச்சிக்கிட்டதுங்க."

மறுவருஷம் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அண்ணன் வந்து காலடியில் விழுந்தார். "நான் கூப்பிட்டப்ப வந்திருந்தா பொழச்சிருப்பியேடா! அப்படி என்னடா வீம்பு ஒனக்கு?" என்று செத்தவரைத் திட்டித் திட்டி அழுதார்.

தலைமாட்டில் உட்கார்ந்து நானும் அழுதேன். வீம்பு யாருடையது என்று இன்று வரை அவர் அண்ணனிடம் சொல்லவில்லை.