எதிரணிக்கு ஆள் கிடைக்காத பட்டிமன்றம்

இரண்டு வாரங்களுக்கு முன் கனகரத்தினம் அங்கிள் தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, உம்மாலை ஒரு உதவி ஆகவேணும். மறுத்துப்போடாதையும்."

'மறுத்துவிடாதே' என்று தொடங்கும் வேண்டுகோள்கள் பெரும்பாலும் மறுக்கப்படவேண்டியவை. ஆயினும் என்னவென்று கேட்டேன்.

கனகரத்தினம் அங்கிள் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் வசிக்கும் அதே கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் பட்டிமன்றம் வைப்பது அவருடைய பொறுப்பு. சென்ற ஆண்டுத் தலைப்பு, 'பிள்ளைகள் கெடுவது தொலைக்காட்சியாலா, பெற்றோராலா?' இரு அணியிலும் பெற்றோரே பேசினார்கள். பழி தொலைக்காட்சியின் தலையில் விழுந்தது.

இந்த 1995ஆம் ஆண்டு அவருக்குப் பெரிய ஆசை வந்துவிட்டது. மாதக் கடைசியில், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாண மக்கள் வாக்களிக்கப் போகிறார்கள் — கனடாவிலிருந்து பிரிந்து தனிநாடாவதா, இல்லையா? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை கேட்டு, வேண்டாமென்று சொன்னவர்களிடம் இப்போது மறுபடியும் கேட்கிறார்கள். நாடே பேசும் விடயத்தை நாமும் பேசினால் என்ன? 'கியூபெக் பிரிவது நியாயமே' என்று ஓர் அணி, 'நியாயமன்று' என்று மற்ற அணி.

அணிக்கு மூவர் வேண்டும். 'நியாயமே' அணிக்குப் பதினொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மற்ற அணிக்கு...

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. ஒரு காகக்குஞ்சும் இல்லை."

ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கமாட்டீர்கள். ஓர் இனம் தனிநாடு கேட்பது நியாயமன்று என்று, நம்மவர் நிறைந்த மண்டபத்தில், ஒலிவாங்கியின் முன் நின்று சொல்லக்கூடியவர் யார்? கியூபெக்கைப் பற்றி மட்டுந்தான் சொன்னேன் என்று அதன்பிறகு எத்தனை வீடுகளுக்குப் போய் விளக்குவது?

"அப்ப என்னை ஏன் அங்கிள் கேக்கிறியள்?"

"நீர் யூனிவேர்சிற்றியில இலக்கியம் படிக்கிறனீர். நீர் என்னத்தைச் சொன்னாலும், உது படிப்பெண்டு சனம் விட்டிடும்."

இலக்கிய மாணவர்களுக்கு இப்படியொரு சலுகை உண்டென்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பேச்சாளர் அல்லேன். வகுப்பில்கூடப் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே வாய் திறப்பவள். ஆயினும் "சரி அங்கிள்" என்றேன். காரணம், எங்கள் சமையலறையில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள்.

அம்மா குளிர்காலக் கோட்டுகள் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கோட்டின் உட்புறத்தில் லைனிங் வைத்துத் தைப்பது அவருடைய பகுதி. வெளிப்புறத்துக்கான கம்பளித் துணி கியூபெக்கில் உள்ள ஓர் ஆலையிலிருந்து லொறியில் வருகிறது. தைத்து முடிந்த கோட்டுகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. அப்பா காலமான பின் எங்கள் இருவரின் வீட்டு வாடகையும் சாப்பாடும் என் பஸ் பாஸும் அந்த லைனிங்கில்தான் தொங்குகின்றன.

அந்தத் தாளை மதிய இடைவேளையில் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். அம்மா அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார்.

"உதில என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசி."

வாசித்தேன். அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ மூன்றும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இந்த மூன்று நாடுகளுக்குள் நெய்த துணியில், இந்த மூன்று நாடுகளுக்குள் தைத்த கோட்டு, எல்லையில் சுங்கத் தீர்வை கட்டாமல் கடந்துபோகலாம். கியூபெக் தனிநாடாகி அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றால், அங்கே நெய்த துணி அந்நியத் துணி. அதில் தைத்தது ரொறன்ரோக் கோட்டேயானாலும் தீர்வை உண்டு. தீர்வை வந்தால் அமெரிக்கக் கடைக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். ஆகவே, வாக்கெடுப்பு முடியும்வரை அடுத்த பருவத்துக்கான கோட்டு ஓடர்கள் உறுதியில்லை. முடிவு பாதகமானால் இரண்டாவது வரிசை மூடப்படலாம்.

அம்மாவின் தையல் இயந்திரம் இரண்டாவது வரிசையில் இருக்கிறது.

"அப்ப அவங்கள் பிரிஞ்சா எனக்கு வேலை இல்லை."

"இல்லாமல் போகலாம் அம்மா."

"சரி. பிரியட்டும்."

அவ்வளவுதான். கத்தரிக்காயை வெட்டத் தொடங்கிவிட்டார்.

"விளங்கித்தான் சொல்லுறியளோ?"

"விளங்காமல் என்ன? எங்களுக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமோ? குளிக்கச் சவுக்காரம் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை... எல்லாத்தையும் அரசாங்கம் தடைசெய்து வைச்சிருந்த சண்டைக் காலத்தில ஊரில இருந்த சனம் நாங்கள். சைக்கிளை ஸ்ராண்டில விட்டு, பெடலை உழக்கி, டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள். உவங்கள் தீர்வைக்குப் பயப்பிடுறாங்களோ?"

அம்மாவோடு வாதாட முடியாதபோது நான் செய்வது ஒன்றே. நூலகத்துக்குப் போவேன். ஒரு வாரம் போனேன்.

சனிக்கிழமை வந்தது. ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபம். மேடையில் இடப்பக்கம் மூன்று கதிரைகள், மூன்று பேச்சாளர்கள். வலப்பக்கமும் மூன்று கதிரைகள். ஒன்றில் நான். ஒன்றில், வேறு வழியின்றிக் கனகரத்தினம் அங்கிளே. மூன்றாவது வெறுமையாக இருந்தது. நடுவர் ஓர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவர் அந்த வெறுங்கதிரையை அடிக்கடி பார்த்துப் பெருமூச்சுவிட்டார்.

'நியாயமே' அணியின் தலைவர் வரதன் அண்ணை. மிசிசாகாவில், விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் வேலை. விமானங்களின் இரைச்சலுக்குள் பேசிப் பழகிய குரல்... ஒலிவாங்கி அவருக்கு ஓர் அலங்காரமே.

"தன்மானத்துக்குத் தீர்வை போட இந்த உலகத்தில எந்தக் கஸ்டம்ஸ்காரன் இருக்கிறான்?" என்று கேட்டார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் கை எழுந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு என் முறை.

பிரிவது நியாயமன்று என்று நான் சொல்லவில்லை. பிரிந்து போவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. அதை மறுக்க நான் எழுந்துவரவில்லை என்று தொடங்கினேன். கனகரத்தினம் அங்கிள் தலையில் கை வைத்தார். தலைப்பை இப்படித் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுக்கலாமா?

நூலகத்தில் நான் அறிந்ததைச் சொன்னேன். கியூபெக்கில் தனிநாடு கேட்பவர்கள் வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் அல்லர். அவர்களிற் பலர் அதை முன்னின்று வரவேற்றவர்கள். காரணம் எளிது. தெற்கே அமெரிக்கச் சந்தை திறந்திருந்தால் மற்ற மாகாணங்களின் சந்தையை மட்டும் நம்பி வாழத் தேவையில்லை. பின்கதவு திறந்திருக்கும் வீட்டில்தான் முன்கதவை அறைந்து சாத்தத் துணிவு வரும்.

இப்போது தலைநகர் ஒட்டாவாவிலிருந்து ஒரு குரல் வருகிறது. முன்கதவைச் சாத்தினால் பின்கதவும் சாத்திக்கொள்ளும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது கனடா. நீங்கள் கனடா இல்லையென்றால், புதிதாக வந்தவர்களைப்போல வரிசையில் நில்லுங்கள்.

அதற்குத் தனிநாடு கேட்பவர்களின் பதில் என்ன? ஒன்றும் மாறாது. அதே டொலர். அதே ஒப்பந்தம். பொருளாதார உறவும் அப்படியே.

எல்லாவற்றையும் மாற்றுவதற்கென்று பிறந்த இயக்கம் ஒன்று, ஒன்றும் மாறாது என்று சத்தியம் செய்துகொண்டு வாசல் வாசலாகப் போகிறது. இதைவிட இரக்கத்துக்குரிய நிலை ஓர் இயக்கத்துக்கு உண்டா?

இதில் யார் சொல்வது சரி? எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது என்பதே என் ஐயம். இரு தரப்பும் அறியாததை அறிந்ததுபோல் சொல்கின்றன. ஒன்று பயமுறுத்துகிறது, மற்றது தாலாட்டுகிறது. பயமுறுத்தப்பட்டவர்களில் சிலர் பின்வாங்குவார்கள். சிலர், 'எங்களையா மிரட்டுகிறாய்?' என்று அந்தக் கோபத்தினாலேயே போய் வாக்களிப்பார்கள். ஆனால் இருவருமே கேள்விக்கு வாக்களிக்கவில்லை, மிரட்டலுக்கு வாக்களிக்கிறார்கள்.

கடைசியாக அந்தத் தாளை எடுத்து வாசித்தேன்.

"பிரிந்த மறுநாள் காலை, இந்தத் துணி எந்த வழியால் வரும்? தனிநாடு கேட்கும் எவரிடமும் இதைக் கேட்பது துரோகமன்று. கேட்கவிடாமல் தடுப்பதே அவர்களுடைய நாட்டைப் பலவீனமாக்கும். என் அணியின் வாதம் இவ்வளவுதான்."

கைதட்டல் இல்லை. கதிரைகள் கிறீச்சிட்டன.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் குரல் கொடுத்தார்: "அப்ப, உம்மட அம்மான்ர வேலைக்காக ஒரு நாடு பிறக்கக்கூடாதோ?"

சிரிப்பு. நல்ல, நீண்ட சிரிப்பு. வரதன் அண்ணையும் சிரித்தார். தாளை மடித்தேன்... விரித்தேன்... மறுபடி மடித்தேன்.

மண்டபத்தின் பின்னால் நீண்ட மேசையில் பெண்கள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அந்த வேலை என்ர. அதைப் பற்றி நான் கதைக்கிறன். நீர் இரும்."

அம்மா!

கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி நடுவழியால் நடந்துவந்தார். மேடையில் ஏறவில்லை. கீழே நின்றார்.

"என்ர வேலை போனாலும் பரவாயில்லை, அவங்கள் பிரியட்டும் எண்டு வீட்டில சொன்னது நான்தான். என்ர பிள்ளையைக் கேளுங்கோ. இப்பவும் சொல்லுறன். ஆனா தம்பி, அதை நான் சொல்லலாம். நீர் சொல்லேலாது."

அம்மா மண்டபத்தின் பக்கம் திரும்பினார்.

"சவுக்காரம் இல்லாமல் இருந்தனாங்கள் எண்டு நானும் பெருமையாத்தான் சொல்லித் திரியிறன். ஆனா அந்த நேரம் எங்களை ஆரும் கேட்டவையோ? தடை போட்டவங்களும் கேக்கேல்லை. தாங்குங்கோ எண்டு சொன்னவையும் கேக்கேல்லை. ரேடியோவில கேட்டுத்தான் எங்கட கதியை நாங்கள் அறிஞ்சனாங்கள். கியூபெக் சனத்தை எண்டாலும் கேக்கிறாங்கள். கேக்கிறதெண்டா முழுதையும் சொல்லிப்போட்டுக் கேக்கட்டும். வேலை போகுமெண்டால் போகுமெண்டு சொல்லட்டும். தெரியாதெண்டால் தெரியாதெண்டு சொல்லட்டும். பிறகு, போனால் போகுதெண்டு சனம் சொன்னால்... அது சனம் சொன்னது."

திரும்பித் தேநீர் மேசைக்குப் போய்விட்டார்.

முதலில் கைதட்டியவர் வரதன் அண்ணை. பெரிய கைகள், பெரிய சத்தம். அந்தப் பின்வரிசை இளைஞர் தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

நடுவர் எழுந்தார். அரைமணி நேரம் வேண்டிய தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் முடித்தார். "முடிவைக் கியூபெக் மக்களிடமே விடுகிறேன், அதற்கிடையில் தேத்தண்ணி குடிப்பம்." அவர் வாழ்க்கையில் அளித்த தீர்ப்புகளில் இதுவே தலைசிறந்தது என்று பலரும் பாராட்டினார்கள்.

வீடு திரும்பும் பஸ்சில் அம்மா ஜன்னல் பக்கம் இருந்தார். மூன்றாவது பஸ் தரிப்பில் நான் கேட்டேன்.

"கோவமோ அம்மா? உங்கட வேலையை எல்லாருக்கும் முன்னால கொண்டுவந்து வைச்சிட்டன்."

"கோவமில்லை. ஆனா நீ ஒண்டை விட்டிட்டாய்."

"என்னத்தை?"

"துணி எந்த வழியால வருமெண்டு அவங்களைக் கேட்டாய். என்ர முதலாளியைக் கேட்டியோ?"

கேட்கவில்லை. ஒரு வாரம் நூலகத்தில் இருந்தவளுக்கு அது தோன்றவேயில்லை. கியூபெக் பதில் சொல்லவேண்டும், ஒட்டாவா பதில் சொல்லவேண்டும், வாஷிங்டன் பதில் சொல்லவேண்டும். தொழிற்சாலை மட்டும் தாள் அடித்து நீட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாமா?

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் எழுதினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில். மரியாதையான, சுருக்கமான கடிதம். இத்துணியை இங்கே ஒன்ராறியோவில் நெய்யும் ஆலை உண்டா என்று விசாரித்தீர்களா? அமெரிக்காவில் உண்டா? வாக்கு எப்படி முடிந்தாலும், ஒப்பந்தம் ஒரே இரவில் அறுந்துவிடுமா, அவகாசம் இருக்குமா என்று வழக்கறிஞரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால், இரண்டாவது வரிசைக்குச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், கேளுங்கள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் இரண்டாவது வரிசைப் பெண்கள் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். நம்மவர் மட்டுமல்ல, போர்த்துக்கீசப் பெண்கள், சீனப் பெண்கள், கியூபெக்கின் மொன்றியலிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவரும். கியூபெக் பிரியவேண்டும் என்பவர்களும் வேண்டாமென்பவர்களும் அதில் இருந்தார்கள் என்று அம்மா சொன்னார். மேலாளர் கடிதத்தை இருமுறை வாசித்தாராம். "வேறு ஆலையைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை" என்றாராம்.

யோசித்துவிட்டுச் சொல்வதாக வாக்களித்திருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அம்மா ஒவ்வொரு மதியமும் அவருடைய அறை வாசலில் போய் நின்று, "எனி நியூஸ்?" என்று கேட்டுவிட்டு வருகிறார். அவர் ஆங்கிலத்தில் முழு நம்பிக்கையோடு சொல்லும் இரண்டு சொற்கள் இப்போது இவைதாம்.

விடுதலை கேட்கும் எவரிடமும் தடைகளைத் தாண்டும் வீரம் இருக்கலாம். மறுநாள் காலை எட்டு மணிக்கு இயந்திரத்தின் முன் உட்காரப்போகிறவளிடம் முழுதையும் சொல்லும் தைரியமும் வேண்டும். இரண்டாவது, முதலாவதைவிட அரிது.

நேற்று கனகரத்தினம் அங்கிள் மறுபடி அழைத்தார். அடுத்த பட்டிமன்றத்துக்கு நான் வேண்டாமாம். அம்மா வேண்டுமாம். தலைப்பு இன்னும் முடிவாகவில்லையாம்.

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் என் கோட்டில் கழன்றுபோன பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்தப் பக்கத்துக்கு ஆள் இல்லையெண்டு கேள். அந்தப் பக்கம் வாறன்."