சித்தப்பா சொன்ன கதை

கொலைகாரன் யாரென்று தெரிந்த அன்று சித்தி மத்தியானம் சாப்பிடவில்லை. முந்திரிக்கொட்டையை உடைக்கும் கட்டையைக் கையில் பிடித்தபடி தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தாள். அந்தத் தொடரை எழுதியவர்களே அவர்கள்தான் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. ஒரு பெரிய வீட்டு மருமகளைக் கொன்றது யார் என்று எட்டு மாதமாக இழுத்த கதை. கடைசியில் கொன்றவன், அந்த வாரம்தான் முதன்முதலாகத் திரையில் முகம் காட்டிய ஒரு பால்காரன். அவனை ஜீப்பில் ஏற்றியதோடு தொடர் முடிந்துவிட்டது. "எதுக்குக் கொன்னான்? அதச் சொல்லவே இல்லியே" என்றாள் சித்தி. பெண்கள் குனிந்து கொட்டையைத் தட்டினார்கள். அவளிடம் அந்த நேரத்தில் பதில் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போது எனக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த சித்தி வீட்டில் தங்கிப் போய்வந்தேன். வறுத்த கொட்டையை வாங்கிப் போட்டு, நாலு பெண்களை வைத்து உடைத்து, பருப்பை ஏவாரிக்கு அனுப்புவது சித்தியின் தொழில். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். இரவு வரும் தொடரை மறுநாள் மத்தியானம் திரும்பப் போடுவார்கள். அதைத்தான் எல்லோரும் வேலை செய்துகொண்டே பார்ப்பார்கள். மற்றவர்கள் அழவும் பயப்படவும் பார்த்தார்கள் என்றால், சித்தி குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தாள். முந்தாநாள் இடது கையில் இருந்த கட்டு இன்றைக்கு வலது கைக்கு எப்படி வந்தது என்பாள். உள்பக்கம் தாழ் போட்ட அறைக்குள் கிடந்த சாவி, போலீஸ்காரன் சட்டைப் பைக்குள் எப்படிப் போனது என்பாள். கதையின் நடுவில், ஆற்றோடு போய்விட்டதாக எல்லோரும் நினைத்த, அந்த மருமகளின் கணவன் திரும்பி வந்தான். தலையில் அடிபட்டு நினைவு தப்பிப்போய், யாரோ ஒரு எஸ்டேட் குடும்பம் முருகன் என்று பெயர் வைத்து வளர்த்ததாகவும், கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னான். கொட்டை உடைத்தவர்களில் வயதான ஒருத்தி அந்தக் காட்சிக்குக் கண் கலங்கினாள். "பேரு மறந்துபோச்சாம், பொண்டாட்டி மறந்துபோச்சாம், தமிழு மட்டும் மறக்கலியாம். இதுக்குப் போயி மூக்கச் சிந்துறியே" என்று அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும் வரைக்கும் சித்தி விடவில்லை. இதை எழுதியவனுக்கு மண்டையில் ஒன்றுமே கிடையாது என்பது அவள் அன்றாடம் சொல்லும் தீர்ப்பு.

அவளுக்கு அந்தக் காட்சியின் மேல் அவ்வளவு கோபம் ஏன் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சித்தப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முந்தின வருஷம், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டி வருகிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனார். அவரும் வரவில்லை, மோட்டாரும் வரவில்லை. அவருடைய அண்ணன் ஒரு வாரம் தேடினார். பிறகு, பெண்டாட்டி வாய்க்குப் பயந்துதான் தம்பி ஓடிவிட்டான் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சொல் ஊரில் நிலைத்துவிட்டது. சித்தி ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு கோயில் தெருவில் இருந்த அவர்கள் வீட்டிலேயே சில வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டபடி இருந்தாள். பிறகு ரோட்டோரமாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து வந்துவிட்டாள். ஏன் போனார் என்பதை அவள் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகத் தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

தொடர் முடிந்த அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிர்ப் பெட்டிக்கடையில்கூட நிற்காமல், நேராக வந்து எங்கள் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது நான். முடி கொட்டி, வயிறு வைத்து, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்ற ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சித்திக்குத் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் செய்தி பரவி அவருடைய அண்ணன் ஓடிவந்தார். கொட்டை உடைக்கும் பெண்கள், பக்கத்து வீட்டார் என்று முன்னறை நிறைந்துவிட்டது. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த என் தங்கச்சி, அதாவது சித்தி மகள், ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். திருச்சியில் லாரி மோதியதாம். தலையில் அடியாம். தான் யார், எந்த ஊர் என்பதே தெரியாமல் போய்விட்டதாம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஒரு குடும்பம் சேர்த்துக்கொண்டதாம். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததும் பெண்டாட்டி, பிள்ளை முகம் கண்முன்னால் வந்துவிட்டதாம். மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அண்ணன்காரர் கையெடுத்துச் சாமியைக் கும்பிட்டார். முன்பு அழுத அதே அம்மாள் இப்போது அழவில்லை, சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி கோபப்படவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் 'ங்க' போட்டுத்தான் கேட்டாள். அந்த மரியாதையைப் போலக் கொடுமையானது எதையும் நான் பார்த்ததில்லை. எஸ்டேட்டில் என்ன வேலை என்று கேட்டாள். இலை பறிக்கிற வேலை என்றார். ஊர் பேர் தெரியாத ஆளை ஆதார் இல்லாமல் எப்படி வேலைக்குச் சேர்த்தார்கள் என்று கேட்டாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"அங்க உங்கள என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க?"

அவர் யோசித்தார். "முருகன்னு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தப்பா அவசரமாக நெற்றியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டி, இதுதான் லாரி அடித்தது என்றார். அது கபடி விளையாடும்போது பட்ட தழும்பு, பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாமாதான் சொன்னார் என்று சித்தி அவருடைய அண்ணன் பக்கம் திரும்பினாள். "இல்லீங்களா மாமா?" மாமா செருப்பைத் தேடினார். திரும்பி வந்த ஆம்பளையைப் போலீஸ் மாதிரி கேள்வி கேட்கிற பொம்பளையை எங்கேயும் பார்த்ததில்லை என்று முணுமுணுத்தார். சித்தி அதைக் காதில் வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நாம உக்காந்து பாத்துச் சிரிச்ச கதைதான். அதையும் ஒழுங்கா எடுத்துச் சொல்லத் தெரியல. இவருக்கு இத எழுதிக் குடுத்த ஆளுக்கு மண்டையில ஒண்ணுமே கெடையாது."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தற்செயலாக அடுப்படி வாசல் பக்கம் பார்த்தேன். தங்கச்சி கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். காதுமடல் சிவந்திருந்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றாள் சித்தி. "நீங்க போறப்ப நாம இருந்தது கோயில் தெரு வூடு. இந்த வூடு உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸ வுட்டு எறங்கி யாரையும் கேக்காம நேரா இங்க வந்திருக்கீங்க. யாரு சொன்னா?"

சித்தப்பா அடுப்படி வாசலைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றாள் தங்கச்சி. போனில் தேடித் தேடி அவரைக் கண்டுபிடித்துப் பல மாதம் ஆகிவிட்டது என்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அங்கே ஒரு குடும்பமும் இருந்தது, இப்போது அந்த அம்மா இவரைச் சேர்ப்பதில்லை என்றாள். "கதையும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

"எதுக்குடி?"

"அவரு எங்கிட்ட சொன்ன காரணத்த நீ கேக்க வேணாம்னுதான்."

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். சித்தி கணவன் பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்றாள். ஒப்பித்து ஒப்பித்துக் களைத்துப்போயிருந்த அந்த மனிதருக்கு அது ஒரு விடுதலைபோல இருந்திருக்க வேண்டும். முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, சாதாரணமாகச் சொன்னார்.

"பெருசா காரணம்னு ஒண்ணும் இல்ல. உன்கூட இருக்கப் புடிக்கல. பஸ்ஸுல ஏறுனப்ப போகலாம்னு தோணுச்சு. போயிட்டேன்."

சித்தியிடம் அடுத்த கேள்வி இல்லை. சண்டை, கடன், வேறு பெண், அவளுடைய வாய் என்று ஏதோ ஒன்றை அவள் அத்தனை வருஷமும் தனக்குள் வைத்து விசாரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எதுவுமே இல்லை என்றால் எதை மறுத்துக் கேட்பது? சொம்பைக் காட்டி, "தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள். அவர் குடித்துவிட்டுத்தான் போனார். தங்கச்சி அவரோடு பஸ் நிறுத்தம் வரை போய், பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அன்று சாயங்காலம் சித்தி மகளிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "பொய் சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லக் கத்துக்கணும்டி." பருப்பில் தோலை உரித்துக்கொண்டிருந்த தங்கச்சி நிமிரவில்லை. "நீ நம்பணும்னு நான் நெனைக்கலம்மா. நம்புன மாதிரி இருந்துட்டுப் போவன்னு நெனச்சேன்" என்றாள். அதன் பிறகு அந்த வீட்டில் பல வாரம் கட்டையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இப்போது நான் பெரம்பலூரில் குடியிருக்கிறேன். தங்கச்சி இங்கேதான் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில், ஒரு டீக்கடை பெஞ்சில் அவளும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் திருச்சி பஸ் ஏறும் வரை தள்ளியே நின்றுவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாதம் ஒருதரம் வருவார், அம்மாவுக்கும் தெரியும், கேட்பதில்லை என்றாள். அவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஊரை விட்டுப் போன பிறகும் இரண்டு மூன்று தடவை வந்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலுக்கு எதிரே நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

"நம்புறியா?" என்றேன்.

தம்ளரில் மீதியிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் எந்த ஸ்கூல்ல படிச்சேன்னே அவருக்குத் தெரியாதுக்கா. நான் கேக்கல."