துவாதசி இலை

என் கணவரின் இதயம் இரண்டு வருஷமாகக் கண்டபடி துடித்துக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மணிக்கட்டைப் பிடித்தால் நாடி ஓடும், தயங்கும், மறுபடி தலைதெறிக்க ஓடும். எனக்குத்தான் பயம். அவருக்கு அலட்சியம்.

கடைசியில் அப்லேஷன் செய்தார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை அனுப்பி, துடிப்பைக் குழப்புகிற இடங்களைச் சுட்டுவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "துடிப்பு சரியாயிடுச்சேன்னு மாத்திரையை விட்டுடாதீங்க. சுட்ட இடம் ஆறணும். உள்ளே ரத்தம் உறைஞ்சா நேரா மூளைக்குப் போயிடும். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணு, ஒரு நாள்கூட தவறக்கூடாது."

மயிலாப்பூர் திரும்பியதும் மனிதர் குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்தச் சுறுசுறுப்பு பிடிக்கவில்லை. இரவல் வாங்கி வந்த உடம்பு மாதிரி இருந்தது. மாத்திரை டப்பாவையும் என்னைத் தொட விடமாட்டார்.

ஏகாதசி வந்தது. தசமி ராத்திரியே சாப்பாடு கிடையாது, மறுநாள் முழுக்கத் தண்ணீர்தான். இந்த ஒரு தடவை வேண்டாம் என்று சண்டை போட்டுப் பார்த்தேன்.

"பெருமாளுக்கும் எனக்கும் நடுவுல நீ வராதே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, பட்டினி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துவாதசிக் காலையில் சீக்கிரமே இலை போட்டேன். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. பரிமாறும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"ரெண்டு நாளும் மாத்திரை போட்டுண்டேளா?"

"சாப்பாட்டுக்கப்புறம்னுதானே சொன்னார்? சாப்பிடவே இல்லையே, எப்படிப் போட்டுக்கறது?"

ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்த மாதிரி சிரித்தார். கரண்டியை வைத்துவிட்டு டப்பாவை எடுக்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கவளம் எடுத்தார். கை வாய்க்கு வரவில்லை. பாதியில் விழுந்து இலையிலேயே கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல அதையே பார்த்தார். என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். சாதம் ஒட்டிய அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது என்னைத் திருப்பிப் பிடிக்கவில்லை. பழக்கதோஷத்தில் விரல் மணிக்கட்டுக்குப் போனது. இரண்டு வருஷமாக நான் வேண்டிக்கொண்டபடியே, நாடி பிசகில்லாமல் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது.