எலி தொடாத மோட்டார்

மோட்டார் காயில் கட்டுகிறவனிடம் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கூட, போகிற போக்கில் "எங்க மோட்டாரு மறுபடியும் பொகையுது" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். கிணற்றில் மோட்டாரை வைத்துவிட்டு வானத்தையும் ஃபியூஸ் கட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அன்பர்களே, உங்களுக்குத் தெரியாத கஷ்டம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கஷ்டத்தை ஒருவன் ஒருமுறை ஜெயித்த கதையைச் சொல்லப்போகிறேன். அந்த ஒருவன் நான்தான். அடக்கம் எனக்கு வராது.

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் பட்டணத்தில் ஆறு வருஷம் தொழில் கற்றுக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சிக்குத் திரும்பி வந்து கடைவீதியில் ஒரு கடை பிடித்தேன். ஊர் ஊராகக் கரண்டு வந்து, மாடு கட்டிக் கவலை இறைத்தவர்கள் எல்லாம் மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். "இங்கு மோட்டார் காயில் சிறந்த முறையில் கட்டப்படும்" என்று மஞ்சள் எழுத்தில் ஒரு தகர போர்டு எழுதி மாட்டினேன். அந்த 'சிறந்த முறையில்' என்ற வார்த்தைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

மூன்றாம் முறை

வல்லம் கோதண்டம் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மூன்று காணி நிலம், பாறை வெட்டிய கிணறு, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு மேடை, மேடைமேல் மோட்டார். அந்த மோட்டார் ஒரே வருஷத்தில் இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் நான்தான் காயில் கட்டிக் கொடுத்தேன். மூன்றாம் முறை எரிந்தது மாசி மாதம், நிலக்கடலை காய் பிடிக்கிற நேரத்தில். தண்ணீர் நின்றது, செடி நின்ற இடத்திலேயே கருகியது.

எல்லாம் கருகி முடிந்த பிறகு மாட்டு வண்டியில் மோட்டாரைக் கொண்டுவந்து என் கடை வாசலில் இறக்கினார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஏன் எரியுது?" என்று மட்டும் கேட்டார். "தெரியலண்ணே" என்றேன். அந்த பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் தலையைத் தூக்கி போர்டை ஒருமுறை படித்தார்.

"ஆடிப் பட்டத்துக்கு மோட்டாரு வேணும். நாலாவது வாட்டியும் எரிஞ்சுதுன்னா மோட்டார இங்க கொண்டாரமாட்டேன் மேஸ்திரி. வெறும் வண்டியோட வந்து, உன் போர்ட எடுத்துட்டுப் போயி மாட்டுத் தொட்டிக்கு மூடியா போட்டுக்குவேன்."

மூங்கிலுக்கு எடை

என்னோடு காயில் சுற்றுபவர் கன்னியப்பன். கை சுத்தம், வாய்தான் அபசகுனம். "இது தேறாது" என்று சொல்லாமல் அவர் ஒரு மோட்டாரையும் தொட்டதில்லை. அவரும் நானும் கோதண்டத்தின் மோட்டாரைப் பிரித்து உட்கார்ந்தோம்.

மோட்டாருக்குள் இருக்கும் பள்ளங்களில் செம்புக் கம்பியை இறக்கிய பிறகு, அது வெளியே துள்ளி வராமலிருக்கப் பள்ளத்தின் வாயில் மூங்கில் ஆப்பு செருகுவோம். பட்டணத்திலும் அப்படித்தான் செய்தார்கள். அந்த மூங்கிலை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் கருகல் எல்லாம் ஆப்பை ஒட்டியே தொடங்கியிருந்தது. கிணற்று ஈரத்தை மூங்கில் குடிக்கிறது, குடித்ததைக் கம்பிக்குக் கொடுக்கிறது என்று எனக்குப் பட்டது.

பட்டால் போதுமா? நாலு புது ஆப்புகளைக் கடைவீதிப் பத்தரிடம் கொடுத்து, பொன் நிறுக்கும் தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டேன். அவற்றை நூலில் கட்டிக் கோதண்டத்தின் கிணற்றிலேயே மூன்று நாள் தொங்கவிட்டேன். திரும்பக் கொண்டுவந்து நிறுத்தால், ஒவ்வொன்றும் நாலைந்து குன்றிமணி எடை கூடியிருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். நான் குதிக்காத குறை. பத்தர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பது வருசமா நிறுக்கிறேன். எங்கிட்ட வர்ற பொருளு எல்லாம் எடை கொறைஞ்சிதான் திரும்பிப் போவும். கூடிப்போன பொருள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

வாசனை

மூங்கில் ஈரம் குடிக்கக் கூடாது என்றால், அதற்கு முன்பே வயிறு முட்ட வேறு எதையாவது குடிக்கக் கொடுத்துவிட வேண்டியதுதானே? செஞ்சியில் எண்ணெய்க்கா பஞ்சம்? சுற்றிலும் கடலைக்காடு. ஒரு வாணலி நிறையக் கடலை எண்ணெய் காய்ச்சி, ஆப்புகளை வடை மாதிரிப் பொரித்தெடுத்தேன். கிணற்றில் தொங்கவிட்டுப் பத்தர் தராசில் வைத்தால் எடை கூடவே இல்லை. கன்னியப்பன் மட்டும் "இது தேறாது" என்றார். வழக்கமாகச் சொல்வதுதானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோதண்டத்தின் மோட்டாரில் பரீட்சை பார்க்கப் பயம். பனமலை ஏரிக்கரையில் பயிர் வைத்திருந்த ரங்கநாதனின் மோட்டார் அப்போது கடையில் கிடந்தது. அதில் போட்டு அனுப்பினேன். பதினோராம் நாள் திரும்பி வந்தது. திறந்தால் ஆப்புகளில் பாதியைக் காணோம். கம்பிமேல் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. ரங்கநாதன் கோபப்படாதது என் பாக்கியம்.

"மோட்டாரு எரியல மேஸ்திரி, எலி தின்னுட்டுது. கொஞ்சம் உப்பும் மொளகாத்தூளும் போட்டுக் குடுத்திருந்தீங்கன்னா நாங்களே தின்னுருப்போம்."

பன் அடுப்பு

ஆனி பிறந்துவிட்டது. கோதண்டம் கொடுத்த கெடுவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்கு நிலைக்கால் வைக்க வந்த தச்சர், மரத்துக்குக் கறுப்பாக எதையோ பூசிக்கொண்டிருந்தார். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய், பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் என்றார். கரையான் வராது, எலி வராது, தண்ணீர் இறங்காது. அடுத்த பஸ்ஸில் பண்ருட்டிக்குப் போனேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அந்த எண்ணெய் பட்ட இடமெல்லாம் கொப்பளம். இரண்டு கையிலும் தோல் உரிந்து, ஒரு வாரம் என் மனைவிதான் எனக்குச் சோறு ஊட்டினாள். ஊட்டும்போதெல்லாம், "இன்னா வேல இது, மோட்டாரு எரியறதுக்கு முன்னாடி நீ எரிஞ்சிடுவ போலிருக்குது" என்று திட்டினாள். ஆனாலும் விடவில்லை. ஆளிவிதை எண்ணெயோடு பல விகிதத்தில் கலந்து காய்ச்சினேன். தண்ணீராக இருந்தால் ஒட்டவில்லை, கெட்டியாக இருந்தால் உள்ளே இறங்கவில்லை. ஏழாவது கலவை சரியாக வந்தது. அதில் ஆப்பை ஊறவைத்து, நிதானமான சூட்டில் வேகவைத்தால் கொம்பு மாதிரி இறுகியது.

நிதானமான சூட்டுக்கு எங்கே போவது? கடைவீதியில் ரொட்டிக்கடை சுப்பராயனின் அடுப்பு இருந்தது. காலை வேலை முடிந்து அடுப்பு ஆறுகிற நேரத்தில் என் தட்டுகளை உள்ளே வைக்க அனுமதி கொடுத்தார். ஆப்பு மட்டுமல்ல, அதே கலவையில் முக்கியெடுத்த காயில்களையும் வைத்தேன். நாலாம் நாள் சுப்பராயன் என் கடைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பன்.

"உன் ஆப்பு நல்லா வெந்துடுச்சு மேஸ்திரி. என் பன்னதான் இப்ப எலிகூட தொடமாட்டேங்குது."

தலைக்கு மேல் வெள்ளம்

சுப்பராயன் திட்டினார். எனக்கு அது சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது. பின்கட்டில் செங்கல்லும் எண்ணெய் டிரம்மும் வைத்துச் சொந்தமாக ஒரு அடுப்பு கட்டிக்கொண்டேன். பத்தர் தராசிலும் எடை கூடவில்லை. ஆனி கடைசி நாள் கோதண்டத்திடம் மோட்டாரைக் கொடுத்தேன். ஆடி ஓடியது, ஆவணி ஓடியது, புரட்டாசியும் ஓடியது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மோட்டாரை மேலே ஏற்றுவதற்குள் கிணறு பொங்கி, மோட்டார் இரண்டு நாள் தண்ணீருக்கடியில் கிடந்தது. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன? சேதி வந்ததும் கன்னியப்பனும் நானும் பஸ் பிடித்து வல்லம் போனோம். வழியெல்லாம் அவர் "தேறாது" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். நானும் உள்ளுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோதண்டத்தின் வீட்டைத் தாண்டும்போது என் கண் தானாக மாட்டுத் தொட்டியின் அகலத்தை அளந்தது.

நாலு பேர் கயிறு போட்டு மோட்டாரைத் தூக்கினார்கள். திறந்து துடைத்து, பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் கரி அடுப்பு வைத்து மத்தியானம் வரை உலர்த்தினோம். பிறகு டெஸ்ட் விளக்கை எடுத்தேன். ஒரு வயர் மோட்டார் உடம்பில், இன்னொன்று காயிலில். விளக்கு எரிந்தால் காயில் போச்சு, என் போர்டும் போச்சு. சுற்றி நின்ற பத்துப் பேரும் மூச்சுவிடவில்லை. விளக்கு எரியவில்லை. மேட்டிலேயே வைத்துக் கரண்டு கொடுத்து ஸ்டார்ட்டரை மேலே தள்ளினேன். ஒரு உறுமல், அப்புறம் சீராகச் சுற்றியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. கன்னியப்பன் மட்டும் அசையாமல் வெற்றிலையை மடித்தார்.

"நான் அப்பவே சொன்னேன், ஓடும்னு."

டை கட்டியவர்

அதற்குள் சுற்று வட்டாரத்து மோட்டார்கள் பலவற்றுக்கும் அந்தக் கலவையையே போட்டிருந்தேன். தை மாதம் மோட்டார் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். செஞ்சி வெயிலில் டை கட்டியிருந்தார். மற்ற ஊர்களில் எல்லாம் கிணற்று மோட்டார்கள் எரிகின்றன, இந்தப் பக்கம் மட்டும் ஏன் எரிவதில்லை என்று தெரிந்துகொள்ள அனுப்பியிருக்கிறார்களாம். என்ன வார்னிஷ், எந்த ஊர்ச் சரக்கு என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நான் கொப்பளத் தழும்பு விழுந்த என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன். பிறகு தராசு, எலி, பன், வெள்ளம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் சோதனைப் பெட்டியை என் காயிலில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார், ஒரு துளி கரண்டுக் கசிவு இல்லை. இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு டையைத் தளர்த்திக்கொண்டார்.

"எங்க ஆராய்ச்சிக்கூடத்துல எல்லா டெஸ்டும் இருக்கு சார். எலி மட்டும்தான் இல்லை. போனதும் எழுதிக் கேட்கிறேன்."

வெறும் வண்டி

பங்குனியில் ஒருநாள் காலை கோதண்டத்தின் வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். வண்டியில் மோட்டார் இல்லை. மோட்டாரோடு வந்தால் கட்டிக் கொடுத்துவிடலாம். வெறும் வண்டியோடு வந்தால் எதற்கு என்றுதான் போன வருஷமே சொல்லியிருந்தாரே. கன்னியப்பன் என்னைப் பார்த்தார், நான் போர்டைப் பார்த்தேன்.

கோதண்டம் வண்டியிலிருந்து இறங்கினார். உள்ளே வந்து என் ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறி, போர்டைக் கழற்றினார். தோள் துண்டால் தூசி தட்டி வண்டியில் படுக்கவைத்தார். பிறகு வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டைப் பச்சைக் கடலையை இழுத்து, போர்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே இறக்கி வைத்தார். மண் வாசனை போகாத கடலை.

"எரிஞ்சா எடுத்துட்டுப் போவேன்னேன், எரியல. மாசியில தண்ணி நிக்கல, கடலை காய் புடிச்சுது. கெணத்தாண்ட வர்றவன் எல்லாம் இது யாரு கட்டுன மோட்டாருன்னு கேக்கறான், பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. போர்ட அங்க மாட்டிக்கிறேன் மேஸ்திரி, நீ வேற எழுதிக்க."

வேறு போர்டு எழுத எனக்கு இன்றுவரை நேரம் கிடைக்காததால், செஞ்சிக் கடைவீதியில் இருக்கும் என் கடையைத் தேடுகிறவர்கள் முதலில் வல்லத்துக்குப் போய் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து சேருகிறார்கள்.