கிழிந்த காது

எனக்கு வக்கீல்களைக் கண்டாலே ஆகாது. ஒருவரைத் தவிர. அவரையும் அன்றைக்கு நான் அடிக்காத குறைதான்.

ஐம்பதுகளின் கடைசி. என் தாய்மாமா அய்யலூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போன வெள்ளாட்டைத் தன்னுடையது என்று சாதித்து, பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டான். திருட்டு வழக்கு. தோற்றால் மாமாவுக்கு ஜெயில். ஆடு எங்கள் வீட்டில் பிறந்தது. குட்டியாக இருந்தபோது அதைக் கட்டிக்கொண்டு தூங்கியவள் நான். அதனால் என்னையும் சாட்சி சொல்லத் திண்டுக்கல் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

கூண்டின் கட்டை என் மூக்குவரை இருந்தது. எங்கள் வக்கீல் குட்டையான மனிதர். கறுப்புக் கோட்டில் அக்குள் தையல் விட்டிருந்தது. அவர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு எதிர் வக்கீல் எழுந்தார். சிரித்த முகம்.

"பாப்பா, மாமாவுக்கு உன் மேல பிரியந்தானே, அவர் பொய் சொல்வாரா?"

எங்கள் வக்கீல் எழுந்து இங்கிலீஷில் கத்தினார். கையை என் பக்கம் வேறு நீட்டினார். மாஜிஸ்திரேட் தலையாட்டினார். இரண்டு கேள்வியை ஒன்றாக முடிந்து கேட்கக் கூடாது என்பது எங்கள் வக்கீலின் ஆட்சேபணை. அது எனக்கு எப்படித் தெரியும்? என்மேல் கோள் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?" இல்லை என்றேன். எதிர் வக்கீல் அதையே மாற்றி மாற்றிக் கேட்டார். மறுபடியும் எங்கள் வக்கீல் எழுந்து கத்தினார்.

"சரி பாப்பா, உங்க மாமா திருடிட்டு வந்த ஆட்டுக்கு எந்தக் காது கிழிஞ்சிருக்கு?"

எனக்கு நன்றாகத் தெரியும். நாய் கடித்த அன்று மஞ்சள் வைத்துக் கட்டியதே நான்தான். வாயைத் திறந்தேன்.

"பேசாத தாயி!" எங்கள் வக்கீல் மேசையில் அறைந்தார். அப்புறம் என்னென்னவோ இங்கிலீஷ். மாஜிஸ்திரேட் அந்தக் கேள்வியை மாற்றச் சொன்னார்.

"ஆட்டுக்கு எந்தக் காது கிழிஞ்சிருக்கு?"

"எடது காது. நாய் கடிச்சது."

வழக்குப் போட்டவன் வலது காது என்று சொல்லியிருந்தானாம். ஆட்டை ஓட்டிவந்து பார்த்தார்கள். மாமாவை விட்டுவிட்டார்கள்.

வாசலில் எங்கள் வக்கீல் ஆயக்குடிக் கொய்யா ஒன்று வாங்கி நீட்டினார். "நல்லாச் சொன்ன தாயி. சாப்பிடு."

"என்னைய எங்க பேச விட்டீங்க?" என்று பழத்தை அவர் நெஞ்சிலேயே விட்டெறிந்தேன். மாமா கையை ஓங்கினார்.

"விடுங்கப்பு. பிள்ள ஆட்சேபணை பண்ணுது" என்றார் அவர். குனிந்து பழத்தை எடுத்துக் கோட்டில் துடைத்துக் கடித்தார். அப்படி ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

'திருடிட்டு வந்த ஆட்டுக்கு' என்று கேட்டபோதே இடது காது என்று சொல்லியிருந்தால், மாமா திருடியதை நானே ஒத்துக்கொண்டதாக எழுதியிருப்பார்கள். ஊர் வரும்வரை பஸ்ஸில் அந்த வக்கீலைத் திட்டிக்கொண்டே வந்தேன், மாமாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு.