மனிதர் என்பது உறுதியாகவில்லை

எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பார் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம், எக்ஸ்சேஞ்ச் அண்ணனுக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர். நானூறு உள்நம்பர்கள், ஒன்றையும் எங்கேயும் எழுதி வைத்தது கிடையாது. பதினோரு வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. "பெருசா ஒண்ணும் விட்டுப்போகலை" என்பார். கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் விசாரணை கவுன்டரில் இருப்பவள் நான். ஒன்பது வருஷமாக அவருடைய கோபத்துக்கும் நக்கலுக்கும் முதல் போணி நான்தான்.

அவருடைய போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையை எப்போதும் இருட்டாகவே வைத்திருப்பார். "எனக்கெதுக்கு வெளிச்சம்? சார்ஜ்தான் வேஸ்ட்." விரலால் தடவத் தடவ, திரையில் இருப்பதை அது படித்துச் சொல்லும். அதுவும் பொரி வெடிக்கிற வேகத்தில். நமக்கு ஒரு எழுத்து பிடிபடாது. அதிலேயே கரன்ட் பில் கட்டுவார், பஸ் எங்கே வருகிறது என்று பார்ப்பார், மாமியாருக்குச் சேலைகூட வாங்கினார். வாங்கினவர்கள் கீழே எழுதியிருந்த திட்டுகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டு, "சாயம் போகுது" என்று யாருமே எழுதாத சேலையாகத் தேடி எடுத்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிர்வாகம் எல்லோருடைய போனிலும் டூட்டிக்கென்று ஒரு ஆப் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த வாரத்து டூட்டி அதில் வரும். ஒவ்வொரு நாளுக்கும் 'ஏற்கிறேன்' என்று சாயங்காலத்துக்குள் அமுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் அமுக்காவிட்டால் அந்த இடம் காலி. அண்ணன் இடத்துக்கு ஆள்கூடத் தேவையில்லை, 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்கிற பதிவுக் குரல் தயாராக இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த ஆப்புக்குள் போவதற்கு முன்னால் ஒரு பரீட்சை. உள்ளே வருவது மனிதனா இயந்திரமா என்று பார்க்கிறார்களாம். ஒன்பது படம் காட்டி, படகு இருக்கிற படங்களைத் தொடச் சொல்லும். அண்ணனின் போன் என்ன செய்யும் பாவம், "படம், படம், படம்" என்று ஒன்பது தரம் சொன்னது. அவர் குத்துமதிப்பாகத் தொட்டார். மூன்று தரம் தப்பானதும் கதவைச் சாத்திவிட்டது. சாத்தும்போது அது சொன்னதை நானும் கேட்கட்டும் என்று வேகத்தைக் குறைத்துத் திரும்ப ஓட்டினார். "நீங்கள் மனிதர் என்பது உறுதியாகவில்லை."

"கேட்டியா தங்கச்சி? இருபத்திரண்டு வருஷமா இங்க மாடுதான் போன் எடுத்திருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவர் கை கழுவப் போன நேரம் போனை எடுத்து, நானே அமுக்கிவிடலாம் என்று பார்த்தேன். திரை கறுப்பு. தொட்ட இடமெல்லாம் கத்துகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் அது அவருடைய மனைவிக்கே போன் போட்டுவிட்டது. "அண்ணி, நான்தான், சும்மா..." என்று வழிந்துகொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"உங்களுக்கு நல்லது பண்ணலாம்னுதானே அண்ணா..."

"நான் மனுஷன்னு நீ வந்து சாட்சி சொல்லணுமா?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் வெட்கமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நிர்வாக அதிகாரி அவரைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். அந்த ஆப்பை உருவாக்கிய கம்பெனியிலிருந்து ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல யாரையாவது அமுக்கச் சொல்லுங்களேன்" என்றார் அதிகாரி. "இல்லேன்னா கருணை அடிப்படையில விலக்கு கேட்டு ஒரு மனு எழுதிக் குடுங்க. உங்களுக்கு மட்டும் செஞ்சு தர்றேன்."

"கருணை நோயாளிங்களுக்கு வேணும் சார். எனக்கு வேண்டாம்" என்றவர் போனை ஆப்காரரிடம் நீட்டினார். "தம்பி, நீங்க ஒரு தடவை உள்ள போய்க் காட்டுங்க."

"சார், போன் ஆஃப் ஆயிருக்கு."

"ஆன்லதான் இருக்கு. நான் தினமும் பார்க்கறது இதைத்தான்."

ஆப்காரர் தடவினார். கால்குலேட்டர் திறந்தது, அலாரம் அடித்தது. அண்ணனே வேகத்தைக் குறைத்து, பரீட்சை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். "படம், படம், படம்." மூன்று தரம் தொட்டும் படகு சிக்கவில்லை. "நீங்கள் மனிதர் என்பது உறுதியாகவில்லை" என்றது போன், நிறுத்தி நிதானமாக. ஆப்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மாத்திடலாம் சார். ஆனா அடுத்த அப்டேட்டுக்கு மூணு வாரம் ஆகும்" என்றார் ஆப்காரர்.

"அதுவரைக்கும் விதி விதிதான்" என்றார் அதிகாரி. "மனு குடுக்கலேன்னா திங்கட்கிழமை உங்க பேர் லிஸ்ட்ல இருக்காது."

"பேர் இல்லாட்டி போகுது. நாற்காலி இருக்கும்ல?"

திங்கட்கிழமை அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். அதிகாரி வந்து, "உங்களை யார் உட்காரச் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லலை. எழுப்பணும்னா எழுப்புங்க சார்." அதற்குள் மணி அடித்தது. யாரோ ஒரு அம்மா, கணவரை எந்த வார்டில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அழுதாள். அண்ணன் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்து அந்த வார்டு நர்ஸோடு பேச வைத்தார். அதிகாரி கேட்டுக்கொண்டே நின்றார், பிறகு போய்விட்டார். அண்ணனைக் கையைப் பிடித்து எழுப்ப அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பட்டியலில் பேர் இல்லாமலே மூன்று வாரம் உட்கார்ந்தார். வேலை போனால் இந்த வயதில் யார் கொடுப்பார்கள்? பயந்துபோய் அண்ணிக்குப் போன் செய்தேன். "ஒரு மனுதானே அண்ணி, எழுதிட்டா என்ன?"

"எழுதினா வீட்டுக்குள்ள விட மாட்டேன்னு நான்தாம்மா சொல்லியிருக்கேன்" என்றாள் அண்ணி. விடாக்கண்டனுக்கு வாய்த்த விடாக்கண்டி.

அப்டேட் வந்தது, அண்ணன் பேரும் பட்டியலில் திரும்ப ஏறியது. படகும் இல்லை, படமும் இல்லை. போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போட்டால் போதும். அந்த வெள்ளிக்கிழமை நர்ஸுகள், லிஃப்ட்காரர், மருந்துக் கவுன்டர் ஆள் என்று எக்ஸ்சேஞ்சில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. அண்ணன் எங்களுக்காக வேகத்தைக் குறைத்தார். "திங்கட்கிழமை, காலை டூட்டி. ஏற்கிறேன், பொத்தான். மறுக்கிறேன், பொத்தான்." நான் கைதட்டத் தயாராக இருந்தேன்.

அவர் இரண்டாவதை அமுக்கினார்.

"ஐயோ அண்ணா, தப்பா அமுக்கிட்டீங்க!"

"சரியாத்தான் அமுக்கினேன். திங்கட்கிழமை உங்க அண்ணியோட வெளிய போறேன்" என்றவர், செவ்வாயிலிருந்து சனி வரைக்கும் வரிசையாக ஏற்றுக்கொண்டே போனார்.

ஐந்து நிமிஷத்தில் ஆபீஸிலிருந்து அதிகாரியே பேசினார். இவ்வளவு ரகளைக்கு அப்புறம் முதல் நாளே மறுத்தால் என்ன அர்த்தம், என்ன காரணம் என்று எனக்கே கேட்கிற அளவுக்குக் கத்தினார்.

"காரணம் ஒண்ணுமில்லை சார்" என்றார் அண்ணன். "எல்லாரையும் கேக்கற மாதிரி என்னையும் கேட்டுச்சு. வேண்டாம்னு சொன்னேன்."